விக்டர் வரைந்த வீடுகள்

எழும்பூர் ஸ்டேஷன் வாசலில், மாப்பிள்ளை ஆக வேண்டியவன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்த காப்பியைப் பவுல்சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ராத்திரி பூரா ரயிலில் உட்கார்ந்தே வந்த உடம்பு. காப்பி வாசனை வேறு மூக்கைத் துளைத்தது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே! பெண்ணைக் கொடுக்கலாம் என்று மனசு ஒத்துக்கொள்ளும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது. வீட்டில்தானே கூடாது, ஸ்டேஷன் வாசலில் குடித்தால் என்ன வந்தது என்று கேட்கலாம். பவுல்சாமியிடம் அதற்கும் பதில் தயாராக இருந்தது. அவன் காசு, அவன் கை. அப்புறம் அது ஸ்டேஷனாக இருந்தால் என்ன, சொர்க்கமாக இருந்தால் என்ன. திண்டுக்கல் கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தாவாக இருந்து இருந்து, விதி என்றால் அதில் இண்டு இடுக்கு இருக்கக் கூடாது என்பது அவர் ரத்தத்திலேயே ஊறிவிட்டது. அவருக்குப் பின்னால் பெட்டியோடு நின்ற தங்கை ஆலிஸ் அந்தக் காப்பியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பாவம், சொல்லி முடியாது.

விக்டர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. அன்றைக்குப் பூராவுக்கும் அவன் பேசி வைத்திருந்த ஜட்கா வண்டிக்காரர் மெஹபூப் அலி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு தம்ளரையும் அவரிடம் நீட்டிவிட்டான். அவர் குதிரையின் முதுகைத் தட்டிக்கொண்டே ஒன்று மாற்றி ஒன்றாக இரண்டையும் ஊதி ஊதிக் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டார். பவுல்சாமி வேறு பக்கம் திரும்பி ஸ்டேஷன் கோபுரத்தை ஆராய்ந்தார். ஆலிஸுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் முன்னால் சிரிக்கவா முடியும்? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் வந்த காரியம் வீடு பார்ப்பது. எந்தச் சம்பந்தத்துக்கும் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்ப்பதுதான் வழக்கம் என்றாலும், பவுல்சாமிக்கு அது வழக்கம் மட்டும் இல்லை. அவருக்கு அடுத்துப் பிறந்த மரியபுஷ்பத்தைக் கட்டிக்கொடுத்தபோது, வீடு இருக்கிறது என்று சொன்ன வாயை நம்பி யாரும் போய்ப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு வீடே இல்லை. பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு போர்ஷன் போர்ஷனாக மாறி மாறி, கடைசியில் யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து பவுல்சாமிக்கு ஒரே பிடி: சொந்தக் கூரை இல்லாதவனுக்குப் பெண் இல்லை. அந்தப் பிடியில் ஆலிஸுக்கு வந்த வரன்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப்போயின. ஒன்றில் வீடு அடமானத்தில் இருந்தது. ஒன்றில் பங்காளிச் சண்டை. இப்போது அவளுக்கு முப்பத்தொன்று. கான்வென்டில் கணக்கு டீச்சர். அண்ணன் வீட்டு ரேழியில் ஒரு திரையைக் கட்டி, அந்தப் பக்கம் அவள் கட்டில். அண்ணியும் நல்லவள்தான், ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் திரை திரைதானே.

விக்டரைப் பற்றிச் சொன்னது அவளோடு வேலை பார்க்கும் வெரோனிகா டீச்சர். அவள் சாந்தோம்காரி. பையன் மெட்ராஸில் கட்டடப் படம் போடுகிற கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன், முப்பத்தாறு வயசு, அப்பா அம்மா இல்லை, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, சொந்த வீடும் கிடையாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பையனும் அதை மறைக்கவில்லை. 'காட்டுவதற்கு எனக்கு வீடு இல்லை. நான் வரைந்த வீடுகளைக் காட்டுகிறேன், பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும்' என்று அவள் மூலமே சொல்லியனுப்பினான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பவுல்சாமி அதைக் கேலி பண்ணினார். வேண்டாம் என்று சொல்லியனுப்பப் போன நேரத்தில்தான், கல்யாணப் பேச்சில் அதுவரை வாயே திறக்காத ஆலிஸ், சோறு பரிமாறிக்கொண்டே, "போய்ப் பாத்துட்டுத்தான் வருவோமேண்ணே. நா மெட்ராஸே பாத்ததில்லை" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக மனுஷர் லீவு போட்டு, ரயில் பாஸ் எழுதி வாங்கி, மேல்துண்டைச் சலவைக்குப் போட்டுப் புறப்பட்டுவிட்டார். எந்த அண்ணன் செய்வான்? ரயிலில் அவர் உட்கார்ந்தபடியே தூங்கித் தூங்கி விழுவதைப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஆலிஸுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இந்த வரனும் தட்டிப்போனால் இனி யாரும் கேட்டு வரப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். சாயங்காலம் திரும்புகிற ரயிலுக்குள் முடிவு தெரிந்துவிடும்.

முதலில் மவுண்ட் ரோடு. உலகச் சண்டை ஆரம்பிக்கிற சமயத்தில் எழும்பிய ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக் கட்டடத்தின் முன்னால் வண்டி நின்றது. பவுல்சாமி பார்த்த பெரிய கட்டடங்கள் எல்லாம் தூணும் வளைவும் கும்மட்டமும் வைத்தவை. கோவில் மாதிரி, இல்லை கலெக்டர் கச்சேரி மாதிரி இருக்கும். இதில் ஒரு தூண் கிடையாது, ஒரு பூ வேலை கிடையாது. வழுவழுவென்று நேராக மேலே போய், தெரு முனையில் அப்படியே வளைந்து திரும்பியிருந்தது. ஒரு ஜன்னலுக்கும் அடுத்த ஜன்னலுக்கும் நடுவில் சிமென்டுக் கோடுகள் பட்டையாக ஓடின. அவர் தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்னும் பூச்சு வேலை பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, இவ்வளவுதான், இதுதான் இப்போதைய நாகரிகம் என்றான் விக்டர். பவுல்சாமி 'ம்' என்றார். அந்த 'ம்'மின் அர்த்தம் ஆலிஸுக்கு நன்றாகத் தெரியும்.

உள்ளே லிப்ட் இருந்தது. காக்கிச் சட்டைக்காரர் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தியதும் பவுல்சாமியின் கை தானாகச் சட்டைப்பையில் இருந்த ஜெபமாலைக்குப் போயிற்று. தரை நகர ஆரம்பித்ததும் உதடும் அசைந்தது. மேலே போய் இறங்கினபோது அவர் ஒரு பத்து மணியாவது உருட்டி முடித்திருப்பார். இறங்கும்போது தாம் படியிலேயே வருவதாகச் சொல்லிவிட்டார். அதுதான் நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் அந்தக் கட்டடத்தில் விக்டர் வரைந்தது அந்தப் படிக்கட்டைத்தான். மொத்தப் படத்தையும் கம்பெனி துரை போடுவார், படி, கைப்பிடி, ஜன்னல், கதவுக் குமிழ் என்று சில்லறைச் சாமான்கள் எல்லாம் எங்கள் மேசைக்கு வரும் என்று அவன் சொன்னான். தன்னைப் பற்றிக் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறவன், படியைப் பற்றி வாய் ஓயாமல் பேசினான். கிழவர்களும் பாலிசி வாங்க வருவார்களாம். அதனால் படியின் உயரத்தைக் குறைக்கச் சொல்லித் துரையிடம் கெஞ்சினானாம். பிறகு ஆலிஸைப் பார்த்து, நேராக அல்ல, அவள் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்து, "கைப்பிடிய ஒரு தரம் தொட்டுப் பாருங்க" என்றான்.

அவள் தொட்டாள். வழவழப்பான மரம். கையை எடுக்காமலே இறங்கினாள். படி சுற்றிச் சுற்றித் திரும்பியது. கைப்பிடியும் கூடவே திரும்பியது. ஓரிடத்தில்கூடக் கை முட்டவில்லை, எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை. கரும்பலகையில் எத்தனையோ வட்டம் போட்டவள் அவள். வளைவு ஒன்றை இன்னொரு வளைவோடு தெரியாமல் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத் தெரியும். கீழே வந்து சேர்ந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. இத்தனை வயசில் அவளை ஒருவரும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போய், இதைத் தொட்டுப் பாருங்கள் என்று சொன்னதில்லை. கல்யாணம் நடக்கிறதோ இல்லையோ, இந்த ஒரு நாளைக் கொடுத்ததற்காகச் சேசுவுக்கு ஸ்தோத்திரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு சினிமாக் கொட்டகை. கொட்டகை என்று சொல்லக் கூடாது. முகப்பில் கோபுரம் மாதிரி படிப்படியாக உயர்ந்து, நடுவில் நீளவாட்டில் எழுத்து எரிகிற விளக்கு வைத்த மாளிகை. டிக்கட் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று வாசல்காரர் சொன்னதால் எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்தி வெளியிலிருந்தே பார்த்தார்கள். அப்புறம் மாம்பலத்துப் பக்கம். புதிதாக மனை போட்ட தெருக்களில் மொட்டை மாடி வைத்த வீடுகள். ஒரு வீட்டின் இரும்புக் கேட்டில் பாதிச் சூரியன் கதிர் கதிராக விரிந்திருந்தது. இன்னொன்றில் பால்கனி அரை வட்டமாக வெளியே வந்திருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் கோடைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலிருந்தும் கிளம்பும்போது விக்டர் சுவரில் கையை ஒரு தடவை வைத்து எடுத்ததை ஆலிஸ் கவனித்தாள். பவுல்சாமி கவனித்தது வேறு: இத்தனை வீட்டையும் வரைந்தவனுக்கு இதில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை என்று வண்டிக்குள் அவள் காதோரம் முணுமுணுத்தார். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள், இந்தப் பையன் முதலாவதை ஊருக்குப் பண்ணிவிட்டு இரண்டாவதைத் தனக்குக் கேட்கிறான் என்றார்.

பசி வேளை வந்தது. கை நனைக்காமல் சமாளிக்க வேண்டுமே என்று அண்ணி டிபன் காரியரில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் கட்டிக் கொடுத்திருந்தாள். மே மாத வெயிலில், வண்டியின் தகரக் கூண்டுக்குள் அது எத்தனை நேரம் தாங்கும்? ஒரு மர நிழலில் நிறுத்தித் திறந்தால் குப்பென்று வாடை அடித்தது. சட்னியோடு சேர்ந்து இட்லியும் ஊசிப்போயிருந்தது. பவுல்சாமி மூடியை மூடித் திறந்து, மறுபடி மோந்து பார்த்தார். மனசு ஆறவில்லை. மெஹபூப் அலி எட்டிப் பார்த்து, "அத்தத் துன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டிய உடணும் நைனா. தூக்கிக் கடாசு" என்றார். கடாசியாயிற்று. வேறெங்காவது வாங்கிச் சாப்பிடலாம் என்றால், விக்டர் காசு கொடுத்துவிடுவானோ என்று பவுல்சாமிக்குப் பயம். பேசாமல் வயிற்றைத் துண்டால் இறுக்கிக்கொண்டு, அடுத்து எங்கே என்றார்.

அடுத்தது மயிலாப்பூரில் ஒரு வக்கீல் வீடு. தெருக்காரர்கள் அதற்குக் கப்பல் வீடு என்று பெயர் வைத்திருந்தார்கள். தெரு முனை வளைவில் வீடும் வளைந்திருந்தது. மாடியில் வட்ட வட்டமாக ஜன்னல்கள், கப்பலில் இருப்பது போலவே. மொட்டை மாடிக்கு மூன்று வரிசை இரும்புக் குழாயில் கைப்பிடி. இவ்வளவு நாகரிகத்துக்கும் நடுவில் முகப்பில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் பல்லை இளித்துக்கொண்டு தொங்கியது. வக்கீலின் மனைவி சுந்தரவல்லி வாசலுக்கே வந்து, வாங்க வாங்க என்று கூப்பிட்டாள். விக்டர் அவ்வப்போது புதிதாக வீடு கட்டப்போகிறவர்களை அழைத்து வந்து காட்டுவான் போலிருக்கிறது. சலவைத் துண்டும் கோட்டுமாக நின்ற பவுல்சாமியை அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். வீட்டைச் சுற்றிக் காட்டினாள். ஹாலின் வளைந்த சுவரை ஒட்டி ஒரு பெரிய பீரோ, ஒட்டாமல், நடுவில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி விட்டு நின்றது. "சுவர வளைச்சாரே, பீரோ வளையுமான்னு யோசிச்சாரா?" என்று விக்டரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சந்தில் இப்போது ஊறுகாய் ஜாடிகள் குடியிருந்தன. அது தன் தப்புதான் என்று விக்டர் தலையைச் சொறிந்தான். தப்பை இவ்வளவு சாதாரணமாக ஒத்துக்கொள்கிற ஆம்பிளையை ஆலிஸ் அதுவரை பார்த்ததில்லை.

அதற்குள் சாப்பாட்டு மேசையில் இலை விழுந்துவிட்டது. ரேஷன் காலமானதால் அரிசிச் சோறு இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே கோதுமை ரவை உப்புமா, வாழைக்காய் பஜ்ஜி, கட்டித் தயிர், பங்கனப்பள்ளி மாம்பழம் என்று சுந்தரவல்லி வரிசையாகக் கொண்டுவந்து வைத்தாள். பவுல்சாமி விதியைப் புரட்டிப் பார்த்தார். இது மாப்பிள்ளை வீடு இல்லை. மாப்பிள்ளை காசும் இல்லை. மூன்றாம் மனுஷர் வீடு. விதியில் இதற்குத் தடை கிடையாது. "சாப்பிடலாம்மா, இது அவன் வீடில்ல" என்று தங்கையிடம் கிசுகிசுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவர், அப்புறம் பேச்சே இல்லை. உப்புமா இரண்டாம் தடவை வந்தது. பஜ்ஜி எத்தனை என்று கேட்கக் கூடாது. ஆலிஸுக்கு எதிரே விக்டர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டே அவள் உப்புமாவை மெல்ல மெல்லச் சாப்பிட்டாள்.

மாம்பழத்துக்கு வந்தபோதுதான், உங்களுக்கு மனை எந்தப் பக்கம் என்று சுந்தரவல்லி கேட்டாள். பவுல்சாமிக்குப் பொய் வராது. மனையும் இல்லை ஒன்றும் இல்லை, தங்கச்சிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தோம், இவருக்கு வீடு இல்லையென்று ஊர் வீட்டையெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று உள்ளதைச் சொன்னார். கை நனைக்கிற முறையையும் சொன்னார். அந்த அம்மாள் விக்டரைப் பார்த்தாள், ஆலிஸைப் பார்த்தாள், கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் ஒண்ணு சொல்லிடணும். கிரகப்பிரவேசத்தன்னிக்கு எங்க மாமனார் மொத இலைய இவருக்குத்தான் போட்டார். புது வேட்டி கட்டி உக்கார வச்சு, 'தம்பி, இது உன் வீடு, நீ வந்தாலும் உன் மனுஷா வந்தாலும் இங்க எப்பவும் இலை உண்டு'ன்னு நாலு பேர் முன்னாடி சொன்னார். அவர் இப்ப இல்ல. அவர் சொன்னது இருக்கு. நீங்க சாப்பிட்டது எங்க வீட்ல இல்லைங்க. இவர் வீட்லதான்."

பவுல்சாமியின் கையில் சப்பி முடித்த மாங்கொட்டை இருந்தது. அதை இலையில் போடுவதா, அப்படியே வைத்திருப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. முழங்கை வரை சாறு வழிந்தது. ஆலிஸுக்கு அடக்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். விக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அன்றைக்கு முதல் தடவையாக நேராக அவள் முகத்தைப் பார்த்தான்.

சிரிப்பெல்லாம் வாசல்வரைதான். தெருவுக்கு வந்ததும் பவுல்சாமி ஆலிஸைத் தனியே ஒதுக்கிப் பேசினார். செல்லாது, இது செல்லவே செல்லாது என்றார். கோபம் அவருக்கு அந்த அம்மாள் மேல் இல்லை, விக்டர் மேலும் இல்லை. பஜ்ஜியின் மேல் இருந்திருக்கலாம். பேசப் பேச அந்தக் கோபம் வடிந்து, அடியில் கிடந்தது வெளியே வந்தது. "மரியபுஷ்பத்துக்கும் வாயாலதாம்மா வீடு கட்டுனாங்க" என்றார். "நம்ம ஐயா சாவுறவரைக்கும், நீ போய்ப் பாத்திருக்கக் கூடாதாடான்னு எங்கிட்டக் கேட்டுட்டே இருந்தாரு. இன்னொரு தரம் என்னால அந்தக் கேள்வியத் தாங்க முடியாது." ஆலிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் மேல் அவளுக்கு எப்படிக் கோபம் வரும்? அவளைத் தடுத்து நிறுத்தியிருந்ததும் அந்த மனுஷரின் பாசம்தான்.

குதிரையின் அருகில் நின்றிருந்த விக்டருக்கு எல்லாம் கேட்டுவிட்டது. அவன் வந்து, "சார் சொல்றது நியாயம். வாயால கட்டின வீட்ல மழைக்கு ஒதுங்க முடியாது. நான் காட்டவேண்டியதக் காட்டிட்டேன்" என்றான். அப்புறம் மெஹபூப் அலியிடம் ஸ்டேஷனுக்கு விடச் சொன்னான். அவ்வளவுதான். முகத்தில் வருத்தம் காட்டவில்லை. முன்பக்கம் வண்டிக்காரருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

வண்டி கிளம்பியது. ஆலிஸ் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கப்பல் வீடு தெரு முனையில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி மறைந்தது. ரயில், திண்டுக்கல், ரேழி, திரை என்று மனசு ஓடியது. நல்ல நாள், இதற்கு மேல் ஆசைப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல அது பொய்யாகவே பட்டது. காலையிலிருந்து எத்தனை வீடு! எத்தனை வாசல்! ஆனால் அவள் பார்க்க வேண்டிய வாசல் ஒன்று பாக்கி இருக்கிறதே. அதை யாரும் காட்டவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. சொந்த வீடு இல்லை என்றதும் அந்த இடம் ஒரு இடமாகவே யார் கணக்கிலும் வரவில்லை. அவள் திரும்பி, வண்டியை நிறுத்தச் சொன்னாள். மெஹபூப் அலி வாரை இழுத்துப் பிடித்தார்.

"நீங்க இருக்கிற இடத்த இன்னும் காட்டலையே" என்றாள் விக்டரிடம்.

அவன் முகம் மாறிவிட்டது. "அது... பாக்கிற மாதிரி இருக்காதுங்க."

"பாக்கிற மாதிரி இருக்கிறதெல்லாம் பாத்தாச்சு. குடியிருக்கப்போறது அங்கதானே?"

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. காது இரண்டும் ஜிவ்வென்று சூடேறின. பவுல்சாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். தங்கை இத்தனை வருஷத்தில் தனக்கென்று கேட்டது மெட்ராஸ் பார்க்க வேண்டும் என்பது ஒன்று, இது இரண்டாவது. ரயிலுக்கு நேரமாகிவிடும் என்று மட்டும் மெல்லச் சொன்னார். மெஹபூப் அலி யார் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. "ரயிலு நாளிக்கும் கீது நைனா" என்று சொல்லிக் குதிரையைக் கிழக்கே திருப்பிவிட்டார்.

சாந்தோம் கோவிலைத் தாண்டி, நொச்சிக்குப்பத்துப் பக்கம் இறங்குகிற சந்தில் வண்டி நின்றது. வலைகள் காய்ந்தன. கருவாட்டு வாடை. ஓட்டுக்கூரை போட்ட நீளக் கட்டடம், வரிசையாகப் போர்ஷன்கள். கடைசி அறை விக்டருடையது. அவன் பூட்டைத் திறந்து முன்னால் நுழைந்தான். உள்ளே அந்தப் பட்டப்பகலிலும் இருட்டு. அவன் முதலில் விளக்கை ஏற்றினான். ஒரு படுக்கைச் சுருள், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கரியடுப்பு, மாதா படம், சுவரில் சாய்த்து வைத்த வரைபலகை. தரை சுத்தமாகப் பெருக்கியிருந்தது. ஆலிஸ் சுற்றிப் பார்த்தாள். கதவு ஒன்று. அதைத் தவிர நாலு சுவரிலும் ஓர் ஓட்டைகூட இல்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் கடல், சத்தம் மட்டும் கேட்டது.

பவுல்சாமி வழக்கப்படி சுவரைத் தட்டிப் பார்த்தார், அண்ணாந்து கைமரங்களைப் பார்த்தார். அப்புறம் பெட்டியின் மேல் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். குறை கண்டுபிடிக்க வந்த மனுஷருக்குக் குறை கண்ணெதிரே இவ்வளவு பெரிதாக நிற்கும்போது அதைச் சொல்ல மனசு வரவில்லை போலிருக்கிறது.

"ஏந்தம்பி, ஊருக்கெல்லாம் ஜன்னல் போட்டீங்களே. இங்க ஒண்ணு வைக்கச் சொல்லிக் கேட்டா வீட்டுக்காரர் மாட்டேன்னுட்டாரா?"

"ஹபீபுர் ரஹ்மான் பாய் தங்கமானவர் சார். கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டார்." விக்டர் விளக்குத் திரியைச் சரிபண்ணிக்கொண்டே சொன்னான். "நான்தான் கேக்கல. ராத்திரி வந்து படுக்கிற ஒத்த ஆளுக்கு எதுக்குன்னு தோணிடுச்சு."

ஆலிஸ் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிழவர்களுக்காகப் படியைத் தாழ்த்தச் சொல்லித் துரையிடம் கெஞ்சினவன், தனக்கென்று ஒரு வார்த்தை கேட்காமல் இத்தனை வருஷம் இருட்டில் விளக்கேற்றிக்கொண்டு இருந்திருக்கிறான். அவளுக்கு அவன் மேல் பரிதாபம் வரவில்லை; சற்றுக் கோபம்தான் வந்தது. உரிமை இருக்கிற இடத்தில் வருகிற கோபம். குனிந்து அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தாள். பின்சுவருக்கு நேராகப் போய் நின்று, தலைக்கு மேலே ஒரு கோடு இழுத்தாள். பக்கவாட்டில் இரண்டு. இடுப்புக்குச் சற்று மேலே இன்னொன்று. தினமும் கரும்பலகையில் கோடு போடுகிற கைதான். இருந்தாலும் இன்றைக்கு மேல்கோடு ஒரு பக்கமாகச் சரிந்து, சதுரம் கோணலாக வந்தது.

விக்டர் பழக்க தோஷத்தில் வரைபலகை பக்கம் போய் கோடு போடுகிற நீளக் கட்டையை எடுத்துவிட்டான். ஓர் அடி முன்னால் வைத்தான். அப்புறம் என்ன நினைத்தானோ, கட்டையை மறுபடி சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அந்தக் கோணல் சதுரத்தைப் பார்த்தான். அவன் கண் நிறைந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அதை மறைக்க முடியவில்லை, அவனும் மறைக்கவில்லை.

வாசலில் மெஹபூப் அலி, "நைனா, இன்னா சொல்றீங்க, வண்டியத் திருப்பவா?" என்று குரல் கொடுத்தார். ஆலிஸ் திரும்பாமலே நின்றாள். பின்னால் அண்ணன் பெட்டியிலிருந்து எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. முழங்கால் சொடுக்குகிற சத்தம்கூடக் கேட்டது. இப்போது கிளம்பலாம் என்பார், கரியைக் கீழே போடு என்பார் என்று கரித்துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் வந்து அவள் தோளுக்கருகே நின்றார். சுவரை மேலும் கீழுமாகப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னுங் கொஞ்சம் கீழ எறக்கும்மா" என்றார். "பிள்ளத்தாய்ச்சி ஒருத்தி படுத்துக் கெடந்தாலும் மேல காத்துப் படணும்."

ஆலிஸ் கீழ்க்கோட்டை உள்ளங்கையால் அழித்தாள். தரையில் மண்டியிட்டு, கண்ணைத் துடைத்த அதே கரிக்கையால், ஒரு முழம் கீழே புதுக்கோடு ஒன்றை இழுக்க ஆரம்பித்தாள். சுண்ணாம்புச் சுவரில் கரி உரசி உரசி நகர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அலை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.